நியூட்டன் பெட்டியும் ராணிக் கிண்ணமும்

மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக முதலில் காலூன்றிய இடம் மலாக்கா. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் அதை நட்டார். அந்தப் பால்மரம் தேனும் தரும் என்பதைத் தோட்டத்துப் பால் கணக்கு மறைத்துவிட்டது. அந்தத் தேன் பூவில் ஊறுவதில்லை. இலை உதிர்ந்து தளிர்க்கும் நாள்களில், மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் துளிர்க்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போனதில் அந்தத் துளிக்குப் பெரும் பங்குண்டு.

தளிர்க்காலத்துக்குள் தேனீக் கூட்டம் பெருகியிருக்க வேண்டுமானால் இளம் ராணி வேண்டும். அதை வளர்க்க எந்தக் கருவியை வாங்குவது?

அமெரிக்காவின் ஹென்றி ஆலி 1883இல் முட்டை உள்ள அடையைப் பட்டையாக வெட்டி, அதிலேயே ராணி அறை கட்ட வைக்கும் முறையை எழுதினார். ஜி. எம். டூலிட்டில் 1889இல் அடையையே ஒதுக்கிவிட்டார். ஈரமான மரக்குச்சியை உருகிய மெழுகில் சில முறை தோய்த்தெடுத்தால் கிண்ணம் தயார். ஒரு நாள் வயதைத் தாண்டாத புழுவை அதில் இட்டுத் தேனீக்களிடம் ஒப்படைக்க வேண்டியதுதான். பின்னாளில் ஜெர்மானியரான கார்ல் ஜெண்டரின் பிளாஸ்டிக் அடை, புழுவைத் தொட்டெடுக்கும் வேலையையும் மிச்சப்படுத்தியது. எல்லாம் அருமைதான், ஆனால் எல்லாம் மேலைநாட்டுத் தேனீயின் அளவுக்கு.

நம் அடுக்குத் தேனீ சிறியது. மேலைத் தேனீயின் ராணிக் கிண்ணம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலம். இதற்கு 7 போதும். திருச்சி தூய வளனார் கல்லூரியின் இயேசு சபைத் துறவி நியூட்டன் இந்த வேறுபாட்டைப் பெட்டியில் முன்பே கண்டுகொண்டார். அடுக்குத் தேனீக்கென்றே சிறிய சட்டங்கள் கொண்ட பெட்டியை வடிவமைத்து, 1911 முதல் 1917 வரை கிராமத்தாருக்குப் பயிற்சியும் அளித்தார். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிய ஊர்ப்புறப் பணியிலும் தேனீ வளர்ப்பு இடம்பெற்றது. பெட்டி சுருங்கியது, ராணி வளர்ப்புக் கருவிகள் மட்டும் விலைப்பட்டியலில் இருந்தபடியே வந்துகொண்டிருந்தன.

1991இல் தாய் சாக்புரூட் நச்சுயிரி கேரளத்திலும் குமரியிலும் பரவிப் பெட்டிகளைக் காலியாக்கியது. தாக்குப்பிடித்த கூட்டங்களைப் பெருக்குவதே மீளும் வழி. அங்கே ஒரு கத்தியே பெரிய கருவி: அடையின் கீழ்விளிம்பில் கூட்டம் தானே கட்டிய ராணி அறையைச் சிறிது அடையோடு அறுத்து, பிரித்த கூட்டத்தில் பொருத்தினால் போதும். கூட்டம் பிரியும் பருவத்தில் இது செலவில்லாத வழி. ஆனால் தேர்ந்தெடுத்த ஒரு தாயிடமிருந்து பல ராணிகள் வேண்டுமென்றால் கத்தி போதாது.

அப்போது டூலிட்டிலின் குச்சிதான் கைகொடுக்கும். அதை மெல்லிதாகச் சீவிக்கொண்டால் கிண்ணமும் சிறுத்துவிடும். வார்ப்பில் வந்த பிளாஸ்டிக்கை அப்படிச் சீவ முடியாது. புழுவை எடுக்க, நெகிழும் நாக்குள்ள சீன ஊசி மலிவானது. நாக்கு குறுகலாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அகன்றது அறைச்சுவரில் இடித்துப் புழுவைப் புரட்டிவிடும். ராணி இணைசேரும் காலத்துக்கு உள்ளங்கை அளவுப் பெட்டி வேண்டாம். கூட்டம் மெலிந்தால் அடுக்குத் தேனீ பெட்டியையே கைவிட்டுப் பறந்துவிடும். தேனீ நிறைந்த மூன்று நியூட்டன் சட்டங்களாவது இருக்கட்டும்.

மலேசியாவில் இப்போது பரவலாக வளர்க்கப்படும் கெலுலுட், அதாவது கொசுத்தேனீ, வேறு கணக்கு. ராணிக்கான பெரிய அறையில் உணவு முழுவதையும் நிரப்பி, முட்டையிட்டதும் மூடிவிடும் இனம் அது. புழுவுக்கு நாள்தோறும் ஊட்டும் வழக்கமே இல்லாத அந்தக் கூட்டுக்குள் டூலிட்டில் கிண்ணத்தைத் தொங்கவிட்டுப் பயனில்லை. அதைப் பெருக்க, ராணி அறையோடு கூட்டைப் பிரித்து வேறு பெட்டியில் வைக்கிறார்கள்.