தேக்காவில் ஓர் இரவும் நடைமுறைச் சட்டமும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சட்டம் எண்களாகவே வழங்கி வந்தது. 'நானூற்றிருபது' என்றால் ஏமாற்றுக்காரன். எழுத்தறியாதாரும் அறிந்த எண் அது. அவ்வெண் சிங்கப்பூரிலும் அதே குற்றத்தையே குறிக்கிறது என்பதைப் பலர் அறியார். 1867 வரை நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. அத்தொடர்பு அற்ற பின்னரும் சட்டம் அங்கிருந்தே வந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டிய சட்டம் 1872 செப்டம்பர் 16 அன்று இங்கு நடைமுறைக்கு வந்தது. 1898 ஆம் ஆண்டின் இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1900 இல் இங்கும் ஒரு நடைமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அம்மரபில் வந்ததே 2011 ஜனவரி 2 முதல் நடப்பிலுள்ள சட்டம். இந்தியா 2024 ஜூலை 1 அன்று பழைய எண்களைக் கைவிட்டது. சிங்கப்பூரில் அவை நிலைத்திருக்கின்றன.

எது குற்றம் என்பதைத் தண்டனைச் சட்டம் கூறும். ஐயத்திற்குரியவனைப் பிடிப்பது எவ்வாறு, வினவுவது எவ்வாறு, மன்றில் நிறுத்துவது எவ்வாறு என்பவற்றை நடைமுறைச் சட்டம் கூறும். மக்கள் பேசுவது முன்னதைப் பற்றியே. ஒருவனுடைய நிலை தீர்மானமாவதோ பெரும்பாலும் பின்னதில்தான். 2013 டிசம்பர் 8 ஆம் நாள் இதற்குத் தக்க சான்றாகும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் கூடுமிடத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் தனியார் பேருந்தில் சிக்கி உயிரிழந்தார். கூட்டம் சினந்தெழுந்தது; காவல்துறை ஊர்திகள் கவிழ்க்கப்பட்டன; மருத்துவ ஊர்தியும் தீக்கிரையாயிற்று. 1969 க்குப் பின் இந்நாடு கண்டிராத கலவரம் அது.

கைது செய்யப்பட்டவரை 48 மணி நேரத்திற்குள் நீதிபதிமுன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் கட்டளை; நடைமுறைச் சட்டமும் அதனையே கூறுகிறது. டிசம்பர் 10, செவ்வாயன்று, 24 தொழிலாளர் மன்றில் நிறுத்தப்பட்டனர். அவர்கள் மீதான குற்றச்சாட்டு 147 ஆம் பிரிவின்கீழ், கலகம். ஏழாண்டுச் சிறையும் பிரம்படியும் வரை அதற்குத் தண்டனை உண்டு. பின்னர் மேலும் சிலர் மீது குற்றம் சாட்டப்பட்டது; சிலர் மீதான குற்றச்சாட்டு திரும்பப் பெறப்பட்டது. இறுதியில் 25 பேர் மீது வழக்கு நடந்தது.

இங்கே மொழி முதன்மை பெறுகிறது. விசாரணையில் ஒருவன் கூறுவதை அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும் என்பது அப்போதைய விதி. அதனை அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலம் அறியாதவனாயின் அவனறிந்த மொழியில் பெயர்த்துரைக்க வேண்டும். அதன் பின்னரே கையொப்பம். 1976 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இது மேலும் கடுமையாயிற்று. தன் எதிர்வாதத்தை அப்போதே கூறாது பின்னர் மன்றில் கூறுபவனை நீதிபதி நம்பாதொழியலாம். ஆகவே தமிழ் மட்டுமே அறிந்த ஓர் இளைஞனுக்கு மொழிபெயர்ப்பாளரின் ஒரு சொல்லும் பெருஞ்சொல்லாகும். 'நின்றேன்' என்பதற்கும் 'நின்றுகொண்டே இருந்தேன்' என்பதற்கும் இடையில் ஒரு குற்றமே அடங்கிவிடலாம். கலையுமாறு ஆணையிட்ட பின்னும் கூட்டத்தில் நிற்பது 151 ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றம். முதலில் தண்டனை பெற்றவர், கலையாது நின்ற குற்றத்தை ஒப்புக்கொண்டு 15 வாரச் சிறை பெற்றார். அவ்வாறு ஒப்புக்கொள்ளும்போதும் அதன் பொருளையும் விளைவையும் அவர் உணர்ந்துள்ளாரா என்று நீதிபதி தெளிதல் வேண்டும் என்கிறது சட்டம்.

மற்றொரு வழியும் இருந்தது. 57 பேர், பெரும்பாலும் இந்தியர், குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் நாடு கடத்தப்பட்டனர். மீண்டும் வருவதற்கும் தடை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 200 பேர் எச்சரிக்கப்பட்டனர். கலையுமாறு இட்ட ஆணையை மீறியோரை இந்நாட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை என்றது அரசு. அயல்நாட்டாரை வெளியேற்றும் அதிகாரம் எல்லா அரசுகளுக்கும் உண்டு. இச்செயலும் சட்டத்திற்கு உட்பட்டதே. ஆயினும் மனித உரிமை அமைப்புகள் சில எழுப்பிய வினாவைப் புறந்தள்ளுதல் அரிது. கல்லெறிந்ததாக வழக்கு நடந்தவனுக்கு வழக்குரைஞரை வைத்துச் சாட்சியை மறுக்க வாய்ப்பிருந்தது. அவனினும் குறைவாகவே தவறியவன் எனக் கருதப்பட்டவனுக்கு அஃது இல்லை. 57 பேரைக் குறித்துத் தண்டனைத் தீர்ப்பு இல்லை.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 ஜூனில் அறிக்கை தந்தது. மதுவும் விபத்தைப் பற்றிய தவறான எண்ணமும் மட்டுமன்றி, தெருவிலேயே உடனடி நீதி காண முனைந்த மனப்போக்கும் கலவரத்திற்குக் காரணம் என்று அது கண்டது. அக்குழு பிப்ரவரி 19 அன்று பொது அமர்வைத் தொடங்கியபோது, நாடு கடத்தப்பட்டோருட் பெரும்பாலோர் ஊர் போய்ச் சேர்ந்திருந்தனர்.