கருமுட்டையின் வயது

1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் பாலூட்டியின் கருமுட்டையை நாயின் சூலகத்தில் கண்டறிந்து அறிவித்த பின்னரும், முட்டைகள் வாழ்நாள் முழுதும் புதிதாக உருவாகின்றனவா என்ற வினா நெடுங்காலம் தீராதிருந்தது. பிறப்பிலேயே அவற்றின் இருப்பு வரையறுக்கப்படுகிறது என்று 1870இல் வால்டையர் முன்வைத்த கருத்தை, 1951இல் சாலி சக்கர்மன் சான்றுகளைத் தொகுத்து நிலைநாட்டினார். அப்படியானால் முட்டையும் தாயோடு சேர்ந்தே மூப்படைகிறது; தாயின் வயதுக்கும் டவுன் நோய்க்குறிக்கும் உள்ள தொடர்பைத் தந்தையின் வயதிலிருந்து 1933இலேயே லயனல் பென்ரோஸ் பிரித்துக் காட்டியது புள்ளியியலின் அரிய வெற்றியாகும். குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவை முட்டை கருவிலேயே தொடங்கி, இடையில் நிறுத்தி, பல்லாண்டுகள் கழித்தே முதிர்கிறது. அதற்குள் குரோமோசோம்களைப் பிணைத்திருக்கும் கொஹெசின் என்னும் புரதம் நலிவது, டவுன் நோய்க்குறி போன்றவற்றுக்கு வழிவகுக்கும் பிரிவுப் பிழைகளுக்கு ஒரு காரணமாகிறது. இளம்பெண்ணின் தானமுட்டையால் நாற்பது கடந்தவர்களும் கருவுற்றது, வயதோடு கருவுறும் வாய்ப்பு குறைவதன் காரணம் பெரும்பாலும் கருப்பையில் அன்று, முட்டையின் வயதிலேயே உள்ளது என்பதை உறுதிப்படுத்தியது.