கோப்பியிலிருந்து தேயிலைக்கு: ஹேவாஹெட்ட தரும் பாடம்

ஓர் அமைப்பை ஒரே வேளையில் முற்றாக மாற்றுவதா, அன்றிப் பகுதி பகுதியாக மாற்றுவதா என்பது சமூக வரலாற்றை ஆராய்வோர் மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும் வினாவாகும். ஹேவாஹெட்ட மலைச்சரிவுகளின் வரலாறு இதனைத் தெளிவுபடுத்த எமக்கு உதவுகின்றது.

1867இல் இப்பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் வணிகத் தேயிலைச் செய்கைக்கு இதுவே தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அவ்வேளை மலைநாட்டுப் பொருளாதாரம் கோப்பியிலேயே தங்கியிருந்தது. டெய்லர் கோப்பியைப் பிடுங்கி எறியவில்லை. அதனருகே சிங்கோனாவையும் தேயிலையையும் பரீட்சித்தார். பங்களா விறாந்தையிற் கையால் உருட்டப்பட்ட கொழுந்து, 1872 அளவில் தொழிற்சாலைக்குச் சென்றது.

1869இல் இலைத்துரு நோய் தோன்றியது. எனினும் விலை உயர்ந்திருந்தமையால் 1870களிலும் தோட்டத்துரைமார் புதிய நிலங்களிற் கோப்பியையே நட்டனர். 1880களில் வீழ்ச்சி முழுமையடைந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனமும் முறிந்தது. அந்நெருக்கடியில் மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாற முடிந்தமைக்குச் சிறு நிலத்தில் முன்னரே பெற்ற அனுபவம் துணைநின்றது. படிமுறை வளர்ச்சியும் பாய்ச்சலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை இங்குக் காண்கிறோம்.

ஆயின் முற்றாக மாறியது பயிரே. உற்பத்தி உறவுகள் அல்ல. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோரிற் பலர் அறுவடை முடியத் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. எனவே குடும்பங்கள் லயன்களில் நிலைகொண்டன. கங்காணியின் பிடியும் கடனும் தொடர்ந்தன; 'துண்டு' அக்கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் சுமந்து சென்றது.

தொழிலாளருக்குக் கிடைத்தவை யாவும் பகுதி பகுதியாகவே கிடைத்தன. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. பறிப்போ ஒரே வீச்சில் நிகழ்ந்தது: 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு அரசுகள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டன. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974வரை தீர்மானிக்கப்படவில்லை. பிரஜாவுரிமைப் பிரச்சினைக்காக 2003இலும் ஒரு சட்டம் நிறைவேறியது.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. இஃது ஒரே வேளையில் நிகழ்ந்த பெருமாற்றமே. எனினும் லயன் லயனாகவே இருந்தது. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது.

ஆகவே மாற்றத்தின் வேகத்தை மட்டும் கொண்டு அதன் தன்மையை அளத்தல் போதாது. எந்த உறவு மாற்றப்படுகின்றது, அதனைத் தீர்மானிப்போர் யாவர் என்பனவே அடிப்படை வினாக்கள். வீட்டுரிமை, காணியுரிமை ஆகியவற்றுக்கான இன்றைய மலையகக் கோரிக்கைகளையும் இவ்வினாக்களைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது எமது கருத்தாகும்.