நாட்கடனும் உடலோம்பலும்

உடம்பு இகழத்தக்கதோ, ஓம்பத்தக்கதோ என்னும் வினா சமயநூல் பயில்வார்க்கு எழுவதொன்றாம். நிலையாமை கூறுமிடத்து உடம்பைப் பழிக்கும் நூல்களே பிறிதோரிடத்து அதனைப் பேணுக என விதித்தலின், இவை தம்முள் முரணுமோ எனின், முரணா. முன்னது பற்று விடுதற்பொருட்டுக் கூறப்பட்டது. பின்னது பயன் கொள்ளுதற்பொருட்டுக் கூறப்பட்டது. இப்பின்னைக் கொள்கை ஏட்டளவில் நில்லாது, துயிலெழுதல் முதல் துயிலுங்காறும் நிகழும் வீட்டுப் பழக்கமாகச் சைவ மக்களிடை வேரூன்றிய வரலாறு அறியத்தக்கது.

தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையினின்று இறைவனால் தோற்றுவிக்கப்பட்டு உயிர்க்கு அளிக்கப்படுவன என்பது சித்தாந்தத் துணிபு. ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு உடம்பு கைவிளக்குப் போல்வது. இரவில் வழிநடப்பான் விளக்கைத் துடைத்து நெய்வார்த்துத் திரி தூண்டுவது விளக்கின்மேல் வைத்த ஆசையினால் அன்று. ஊர் சேர்தல் வேண்டும் என்னும் கருத்தினாலேயாம். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் காயசித்தி உபாயம் என ஒரு பகுதி அமைந்திருத்தலும் இக்கருத்துப் பற்றியே என்க. முதலில் உடம்பைத் தாழ்வாக எண்ணியிருந்த நிலை மாறி, அதனகத்தே இறைவன் உறைதலை உணர்ந்த பின் அதனைக் காக்கத் தலைப்பட்டதாக அப்பெருமான் ஆண்டு அருளிச்செய்வர்.

இவ்வோம்பல் தன்னுடம்பளவில் ஒடுங்குவதன்று. ஆந்திர நாட்டில் கிருஷ்ணை யாற்றங்கரைப் பகுதியிலுள்ள மல்காபுரத்துக் கல்வெட்டு இதற்குச் சான்றாகும். காகதீய அரசி உருத்திரமாதேவி காலத்தில், 1261ஆம் ஆண்டிற் பொறிக்கப்பட்ட அது, கோளகி மடத்து ஆசாரியராகிய விசுவேசுவர சிவாசாரியார் தாம் பெற்ற ஊர்களின் வருவாயை மூன்று கூறாக்கிய செய்தியைத் தெரிவிக்கின்றது. ஒரு கூறு சிவபெருமானுக்கும், ஒரு கூறு மாணவர்க்கும் மடத்துக்கும் ஆயின. எஞ்சிய கூறு மகப்பேற்றுச் சாலைக்கும், ஆரோக்கிய சாலைக்கும், அன்னசத்திரத்துக்கும் உரியதாயிற்று. பூசையும் கல்வியும் போலப் பிணி தீர்த்தலும் அவ்வருவாயிற் பங்கு பெற்றது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

ஆயினும் சாலை அமைத்தல் அரசர்க்கும் ஆசாரியர்க்குமே இயல்வது. எளிய குடும்பத்தின் அன்றாட வாழ்வில் இக்கொள்கை புகுந்தமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) செய்த பணியாம். அவர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வடமொழி ஆகமங்களிலும் பத்ததிகளிலும் கிடந்து, கற்றார் சிலர்க்கே புலனாயிருந்த நாட்கடன்களை எளிய தமிழ் உரைநடையாக்கி அச்சிட்டு, இளஞ்சிறார் கைக்கும் எட்டச்செய்தார். சைவ வினாவிடையின் நித்திய கரும இயல் இதற்கெனவே அமைந்தது. வினாவும் விடையுமாக அமைந்தமையின், அது மனனஞ் செய்தற்கும் எளிதாயிற்று.

அவ்வியலின் முறைவைப்பை நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படும். உதயத்துக்கு ஐந்து நாழிகை முன்னர் எழுந்து சிவபெருமானைச் சிந்தித்தலோடு அது தொடங்குகின்றது. பின்னர் மலசல மோசனம், சௌசம், தந்தசுத்தி, ஸ்நானம், அநுட்டானம், போசனம் என முறையே செல்கின்றது. பல் துலக்குதலும் திருவைந்தெழுத்து ஓதுதலும் ஒரே தொடர்ச்சியின் இரு கண்ணிகளாக வைக்கப்பட்டன. உடல்நலம் கருதி மட்டும் செய்யப்படுவது சோம்பல் வந்தவழி விடுபட்டுப்போம். வழிபாட்டின் உறுப்பாகச் செய்யப்படுவது அங்ஙனம் விடுபடாது. தந்தசுத்தி செய்யாதவன் நீராடான். நீராடாதவன் நீறணிந்து வழிபடான். வழிபடாதவன் உண்ணான் என ஒன்றை ஒன்று பற்றி நின்றமையால், இப்பழக்கங்கள் ஏவுவார் இன்றியும் நடைபெற்றன.

இனி, இவ்விதிகள் உடம்பை வருத்துதற்கு எழுந்தன என்பாரும் உளர். அது பொருந்தாமை நோயாளர்க்கு வகுத்த முறையால் விளங்கும். நோயினால் முழுகமாட்டாதவர் கழுத்தின் கீழேனும் அரையின் கீழேனும் முழங்காலின் கீழேனும் கழுவி, எஞ்சிய பகுதியை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த ஆடை உடுத்து நீறணிந்து கொள்ளலாம். விரதத்தினும் இவ்வாறே. உணவு முற்றும் ஒழித்தலைத் தலையாயதாகக் கூறிய ஆசிரியர், அது மாட்டாதார்க்கு நீர், பால், பழம் எனப் படிநிலை வகுத்தார். விளக்கைத் துடைக்கப்புகுந்து சுடரை அவித்தல் அறிவுடைமை ஆகாதன்றோ!

நாவலர் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே பிறந்தவர் அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் கிறீன். அவர் 1847இல் யாழ்ப்பாணம் போந்து, வண்ணார்பண்ணைக்கு அணித்தேயுள்ள மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். சமயத்தால் எதிரெதிர் நின்ற இரு திறத்தார் உடலோம்பும் அறிவை ஒரே காலத்தில் ஒரே மொழியில் மக்கட்கு அளித்தமை வியத்தற்குரியது.

1866ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி பரவிப் பேரழிவு செய்தது. நாட்கடன் வழுவாதாரை அந்நோய் தீண்டாது என ஒருவர் கூறுவராயின் அது மெய்யன்று. ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1884இல், கல்கத்தாவில் மக்கள் குளித்தும் துவைத்தும் குடித்தும் வந்த குளமொன்றின் நீரில் அந்நோய்க் கிருமியைக் கண்டார். நீர்நிலையின் கரையில் மலசலங் கழித்தலாகாது என நம் நூல்கள் விலக்கியது எத்துணைப் பொருளுடைத்து என்பது இதனால் தெளிவாயிற்று. அவ்விதி வாயளவில் நிற்க, நீர்நிலை மாசுபட்டவிடத்து, அதன்கண் நாடோறும் முழுகுதலும் அந்நீரைப் பருகுதலும் கேடே பயந்தன. தெளிந்த நீரெல்லாம் தூயநீர் அன்று என்பதும் உடன் விளங்கிற்று. ஆதலின் நீரைக் காய்ச்சி ஆற்றிப் பருகுதல் மேனாட்டு வழக்கெனத் தள்ளத்தக்கதன்று. இறைவன் அளித்த கருவியைக் காத்தல் கடமையாயின், அதற்குரிய புதிய அறிவும் நாட்கடனுள் அடங்குவதேயாம்.

ஆசாரம் என்னும் பெயரால் பிறரை ஒதுக்கிவைத்த வழக்கும் இவ்விதிகளோடு கலந்து வந்தமை மறுக்கலாகாது. தன் விளக்கைத் துடைப்பான் அயலான் விளக்கை அணைத்தலை அது ஒக்கும். 1876, 1877ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் வந்துற்றபோது நாவலர் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி நிறுவிப் பசித்தவர்க்கு உணவளித்தார். போசன விதியை வகுத்தவரே போசனம் இல்லாதாரை நினைந்தமை, அவ்விதியின் உட்பொருளுக்கு அவர் செய்த உரை எனலாம்.

ஆகவே, விடியலில் எழுதலும் பல் துலக்குதலும் நீராடலும் அளவறிந்து உண்டலும் உடல்நலம் தருவன என்பது உண்மையேயாயினும், நலம் அவற்றின் பயனேயன்றி முடிவன்று. முடிவு அவ்வுடம்பைக் கொண்டு செய்யும் சிவப்பணி. அதனை மறந்து உடம்பையே பேணுவார் விளக்கைத் துடைத்துக்கொண்டு வழியிலேயே அமர்ந்திருப்பவரை ஒப்பர். உடம்பை இகழ்ந்து விடுவார் விளக்கின்றிப் புறப்பட்டாரை ஒப்பர். இவ்விரு தவறும் இன்றி நடத்தற்கே முன்னோர் நாட்கடனை வகுத்தனர். அதனைக் கருத்தறிந்து கைக்கொள்ளுதல் நம்மவர் கடனாம்.

திருச்சிற்றம்பலம்