கார்லைல் கைத்தொழிற் பாடசாலையின் இடாப்புகள்

பாடசாலை ஒன்று மூடப்பட்டால் அதன் கட்டடம் வேறு பணிக்குப் பயன்படும். தளபாடங்கள் ஏலத்திற் போகும். பழைய இடாப்புகளைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. அவ்விடாப்புகளின் பெறுமதியை ஐக்கிய அமெரிக்காவின் கார்லைல் கைத்தொழிற் பாடசாலையின் வரலாறு நன்கு புலப்படுத்தும்.

பென்சில்வேனியா மாநிலத்திலே, கார்லைல் என்னும் ஊரில், பழைய படைமுகாம் ஒன்றில் 1879ஆம் ஆண்டு அப்பாடசாலை தொடங்கப்பெற்றது. அதனை நிறுவியவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்னும் படையதிகாரி. அமெரிக்கப் பூர்வகுடிகளின் பிள்ளைகளைத் தாய் தந்தையரிடமிருந்து பிரித்து, அவர்தம் மொழியையும் வழக்கங்களையும் மறக்கச் செய்து, வெள்ளையர் வாழ்க்கைக்குப் பழக்குவதே அவர் கொண்ட நோக்கம். அரைநாள் எழுத்தும் எண்ணும்; அரைநாள் தொழில். ஆண்பிள்ளைகள் தச்சு, கொல்லவேலை, தகரவேலை, சேணத் தையல், அச்சுவேலை ஆகியவற்றையும், பெண்பிள்ளைகள் தையல், சமையல், சலவை ஆகியவற்றையும் பயின்றனர். சிறுவரின் நீண்ட கூந்தல் கத்தரிக்கப்பட்டது. பிறந்த பெயர் நீங்கி ஆங்கிலப் பெயர் வந்தது.

ஆயினும், நிர்வாகத்தின் தேவைக்காகப் பிள்ளைகளின் விபரங்கள் அட்டைகளிற் பதியப்பட்டன. ஆங்கிலப் பெயர், குலம், வயது, வந்த நாள், நீங்கிய நாள் என்பன அவற்றில் இடம்பெற்றன. பல அட்டைகளிலே பழைய பெயரும் குறிக்கப்பட்டது. எப்பெயர் மறையவேண்டும் என்று அப்பாடசாலை விரும்பியதோ, அப்பெயரை அதன் அட்டையே காத்து வைத்தது.

1918இல் பாடசாலை மூடப்பட்டது. இடம் மீண்டும் படையினர் கைக்குச் சென்றது. ஏடுகள் அரசாங்கத்தின் உடைமையாதலால், பிற்காலத்தில் வாசிங்டனிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தைச் சேர்ந்தன. மயானத்திற்கோ அத்தகைய பாதுகாப்புக் கிட்டவில்லை. 1927இல் அது இடம் மாற்றப்பட்டது. கற்களிற் சில பெயர்கள் பிழைபடப் பொறிக்கப்பட்டன. வேறு சிலவற்றில் 'அறியப்படாதவர்' என்பது மட்டுமே காணப்பட்டது.

இதன் விளைவு 2017ஆம் ஆண்டிலே தெரிந்தது. வடக்கு அரப்பாகோ குலத்தார் தம் சிறுவர் மூவரின் எலும்புகளைத் தாயகம் கொண்டுசெல்ல வந்தனர். இருவருடையவை கிடைத்தன. லிட்டில் புளூம் என்னும் மூன்றாமவனுடைய கல்லின்கீழ் இருந்தவையோ அவனுக்குரியவையல்ல. மறு ஆண்டு மீண்டும் தோண்டிய பின்னரே அவன் வீடு திரும்பினான்.

கார்லைலிலுள்ள டிக்கின்சன் கல்லூரி, சுவடிக்கூடத்து ஏடுகளைப் படியெடுத்து இணையத்தில் எவரும் பார்க்குமாறு வைக்கும் பணியை 2013இல் ஆரம்பித்தது. இன்று பூட்டன் பூட்டியின் பெயரைத் தேடும் குடும்பத்தினர் வாசிங்டன்வரை செல்லவேண்டியதில்லை. 2024 டிசெம்பரில் அப்பாடசாலை இருந்த இடம் தேசிய நினைவுச்சின்னமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

அவ்வேடுகள் முழு உண்மையையும் கூறுவனவல்ல. அவை பாடசாலையார் எழுதியவை; பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருந்த தாயின் துயரத்துக்கு அவற்றிலே நிரல் இல்லை. எனினும் அவையும் அழிந்திருப்பின், அப்பிள்ளைகளைத் தேடும் வழி மிகவும் குறுகியிருக்கும்.

எந்தப் பாடசாலையின் சேர்விடாப்பும் இத்தகையதே. அதனை எழுதுபவர் அன்றைய கடமைக்காக எழுதுகிறார். அது யாருக்கு, எக்காலத்திலே வேண்டப்படும் என்பதை அவர் அறியார். ஆதலாற் கறையானும் ஈரமும் அணுகாத ஓரிடத்தை அதற்கு ஒதுக்குவதும், சிதையுமுன் படியெடுத்து வைப்பதும், பின்வருவோருக்குச் செலுத்தவேண்டிய கடனாகும்.