விளையாட்டுக் களங்களும் பொன்முடி நிலவியலும்

1993-இல் இட் சாஃப்ட்வேர் வெளியிட்ட 'டூம்' விளையாட்டு, இயங்குபொறியையும் களத் தரவையும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்ததால், முதல்நபர்ச் சுடல் விளையாட்டுகளுக்கான 'மேப்' எனும் களங்களை விளையாடுவோரே வடிவமைக்கும் மரபு வேரூன்றியது. அம்மரபின் உச்சமாக, டேவ் ஜான்ஸ்டன் 'கவுண்டர்-ஸ்ட்ரைக்'குக்காக 2001-இல் அமைத்த 'டஸ்ட் 2' களத்தில், நடுப்பாதை இரட்டைக் கதவின் இடுக்கு, தொலைவிலிருந்து குறிபார்ப்பவருக்கும் அதைக் கடந்தோடும் எதிரணியினருக்கும் ஒருசேரச் சோதனையாயிற்று. இவ்வாறு இரு அணியும் மோதியே தீர வேண்டிய இடம் 'குறுகல்' எனப்படும்.

இத்தகைய குறுகல்கள் இயற்கை நிலத்திலும் உண்டு. கேரள மலைவாழிடமான பொன்முடிக்குக் கல்லாற்றிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சாலை, வளைவுதோறும் பார்வையை மறைப்பதால் இயல்பான குறுகல்களின் தொடராகும். எனினும் உயரத்தைக் கைப்பற்றியவரே வெல்வார் என்பதால், இத்தகைய நிலத்தைக் களமாக்கும் வடிவமைப்பாளர் தேயிலைச் சரிவுகளூடே மாற்றுப்பாதை வகுத்துச் சமநிலை காப்பது இன்றியமையாதது.