பேதி உப்பும் இதய ஆபரேஷனும்

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்... 'பேதி உப்பு' என்றதுமே முகத்தைச் சுளிப்பார்கள்! வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுத்த அந்தக் கசப்பு உப்பில் இருப்பது மக்னீசியம். இன்றைக்கு இதய ஆபரேஷன் தியேட்டரில் அதற்கு ராஜ மரியாதை!

இங்கிலாந்தில் எப்ஸம் என்றொரு ஊர். 1618-ல், கடும் வறட்சியிலும் அங்கே மாடுகள் ஒரு குட்டைத் தண்ணீரை மட்டும் தொட மறுத்ததாகக் கதை உண்டு. ருசி பார்த்தால் ஒரே கசப்பு. அதுதான் மக்னீசியம் சல்ஃபேட். 1808-ல் ஹம்ப்ரி டேவி மக்னீசியத்தைத் தனியே பிரித்தெடுத்தார்.

சரி, அது இதயத்துக்கு எப்படி வந்தது?

துடிக்கிற இதயத்தைத் தைப்பது, ஓடுகிற பஸ்ஸுக்கு பஞ்சர் ஒட்டுகிற மாதிரி. 1953-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், இதய-நுரையீரல் மெஷினின் துணையோடு ஆபரேஷன் செய்து ஜெயித்துக் காட்டினார். ரத்தத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். இதயத்தை நிறுத்துவது எப்படி? 1955-ல் லண்டனில் டெனிஸ் மெல்ரோஸ், பொட்டாசியம் சிட்ரேட்டைச் செலுத்தி நிறுத்தினார். இதயம் சமர்த்தாக நின்றது. ஆனால்... சில வருடங்களில் அதிர்ச்சி! சிலருடைய இதயத் தசை ஆங்காங்கே செத்துப்போயிருந்தது. டாக்டர்கள் பலர் அந்த முறையையே கைகழுவினார்கள்.

எங்கே தப்பு? பொட்டாசியம் மிக அதிகம். போதாததற்கு, சிட்ரேட் என்பது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும் ஆசாமி! 1970-களில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் டேவிட் ஹெர்ஸ், மார்க் பிரெய்ம்பிரிட்ஜ் குழுவினர் பொட்டாசியத்தை மிதமாக்கி, மக்னீசியத்தைச் சேர்த்தார்கள். கால்சியம் கண்டபடி செல்லுக்குள் நுழையாமல் தடுக்கும் வாட்ச்மேன் அது. நிறுத்திய இதயம், அதிக சேதமில்லாமல் மறுபடி துடித்தது.

கண்டம் அதோடு தீரவில்லை. மெஷினில் ரத்தம் நீர்த்துப்போவதாலும், சிறுநீரோடு வெளியேறுவதாலும் ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பில் மக்னீசியம் குறையும். பைபாஸ் முடிந்த இரண்டு, மூன்று நாட்களில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதயம் தாளம் தப்புகிறது. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்பார்கள். அதைத் தடுக்க, ஐ.சி.யு.வில் ரத்தக்குழாய் வழியே மக்னீசியம் ஏற்றுவதுண்டு. 'பலன் இருக்கிறது' என்கின்றன சில ஆய்வுகள். 'பெரிதாக இல்லை' என்கின்றன வேறு சில!

அளவு மிஞ்சினாலோ மூச்சே தடுமாறும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அப்பாவுக்குக் கடையில் மக்னீசியம் மாத்திரை வாங்கும் முன்பு டாக்டரைக் கேட்டுவிடுங்கள். மெல்ரோஸின் யோசனை சரியானதுதான். காலை வாரிவிட்டது கலவையும் அளவும்தானே!